மீசைக் குழு

அந்த ஊரில் பீடம்தான் முதலில் வந்தது. வீரன் பிறகுதான் வந்தான். போர் தொடங்கிய கையோடு வீரர் நினைவுத் துறை ஊருக்கு ஒரு பீடம் என்று கட்டி முடித்துவிட்டது. கடைத்தெரு முனையில் சிமெண்டு பூசி, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, யாராவது செத்தால் உடனே சிலையை ஏற்றி நிறுத்தலாம் என்று தயாராக வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்ப் பீடங்களெல்லாம் ஒவ்வொன்றாக நிரம்பிவிட்டன. இந்த ஊர்ப் பீடத்தில் மட்டும் வேலை இல்லாதவர்கள் ஏறி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். துறையின் செயலாளருக்கு இது தீராத மனக்குறை. மேலிடத்துக் கூட்டங்களில் மற்ற ஊர்ச் செயலாளர்கள் அவரைப் பார்த்த பார்வை அவருக்குத்தான் தெரியும்.

ஆகவே சலூன்காரரின் மகன் எல்லையில் இறந்துபோனான் என்று செய்தி வந்ததும் செயலாளர் ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்து சேர்ந்தார். சவரத்துக்கு வரும்போதெல்லாம் ‘ஏம்ப்பா’ என்று கூப்பிடுகிறவர் அன்றைக்கு ‘ஐயா’ என்றார். சலூன்காரர் கையில் நுரை சொட்டும் பிரஷ்ஷோடு திரும்பிப் பார்த்தார். தன் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்தார். யாரும் இல்லை. மகன் முடிவெட்டும் இரண்டாவது நாற்காலிதான் துண்டு போர்த்திக் கிடந்தது.

“ஐயா, ஊரோட மானத்தைக் காப்பாத்திட்டீங்க,” என்றார் செயலாளர். “பீடம் சும்மா கெடக்கேன்னு எனக்குத் தூக்கமே இல்ல. நல்ல நேரத்துல உங்க பையன்...” என்று ஆரம்பித்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தியாகம் பண்ணிட்டாரு,” என்று முடித்தார்.

நாற்காலியில் பாதி முகம் மழித்த நிலையில் இருந்த வாடிக்கையாளர், மரியாதைக்காக நுரையோடு எழுந்து நின்றார்.

சில வாரங்கள் கழித்து, முகம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கச் சிற்பியின் கொட்டகைக்கு சலூன்காரரை அழைத்துப் போனார்கள். கொட்டகை நிறையத் தலையில்லாத வீரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒரே மார்பு, ஒரே துப்பாக்கி, ஒரே மாதிரி முன்னால் எடுத்து வைத்த இடது கால்.

“கழுத்துக்குக் கீழ எல்லாரும் ஒரே ஆளுதான். அச்சு,” என்றார் சிற்பி. “கழுத்துக்கு மேலதான் நம்ம கைவேலை. வாங்க, உங்க பையனைக் காட்டுறேன்.”

ஈரத்துணியை எடுத்தார். நெற்றி மகனுடையது. வலது புருவத்துக்கு மேலிருந்த சின்னத் தழும்புகூட இருந்தது. மூக்கும் அவனுடையதுதான். அதற்குக் கீழே, இரண்டு கன்னத்தையும் அடைத்துக்கொண்டு முறுக்கிய மீசை ஒன்று நின்றது. சலூன்காரர் தொழில்முறையில் எத்தனையோ மீசைகளைப் பார்த்தவர். இப்படியொரு மீசையைக் கத்தரிக்க வேண்டி வந்தால் கூடுதலாக ஆள் வைக்க வேண்டியிருக்கும்.

“என் பையனுக்கு மீசை கிடையாதுங்களே.”

“எனக்குத் தெரியாதா? போட்டோவுலதான் இல்லையே. மீசை தனியா வருது. துறை அனுப்புது,” என்று சிற்பி மூலையைக் காட்டினார். அங்கே ஒரு சாக்கு மூட்டை இருந்தது. வாய் அவிழ்ந்த இடத்தில் நாலைந்து மீசைகள் எட்டிப் பார்த்தன. “மூக்குக்குக் கீழ, வாய்க்கு மேல, அந்த இடம் துறையோடது. நான் கை வைக்க முடியாது.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்பவள். வேலை முடிந்து வந்து, வெந்நீரில் ஊறி வெளுத்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னுட்டாங்க,” என்றாள். “ஆணி அடிச்சுக் கொண்டாந்தாங்க, அப்படியே புதைச்சாச்சு. புள்ள முகத்தை நான் பாக்கவே இல்ல. சிலையிலயாவது பாத்துக்கலாம்னு இருந்தேன். அதுலயும் வேற எவன் முகத்தையோ ஒட்டி வப்பாங்களா? என்ன பண்ணுவீங்களோ தெரியாது. எனக்கு என் புள்ள முகம் வேணும். இல்லன்னா அந்தத் தெருப் பக்கமே நான் வரமாட்டேன்.”

கொஞ்ச நேரம் கழித்து, “எல்லாம் அந்தப் படைக்கு ஆள் சேர்க்குற வண்டிக்காரங்க பண்ணுன வேலை. பாட்டுப் போட்டு மயக்கிட்டாங்க,” என்றாள். மகன் போனதிலிருந்து அவள் இதைச் சொல்வதும், சலூன்காரர் தலையை ஆட்டுவதும் வழக்கமாகியிருந்தது. அன்றைக்கும் ஆட்டினார். ஆட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார்.

மறுநாள் துறை அலுவலகத்துக்குப் போய் நின்றார். செயலாளர் நாற்காலி போடச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், மீசையை எடுக்க முடியாது என்றார்.

“மீசை இல்லாத வீரனா? எதிரி பாத்தா என்னய்யா நெனப்பான்?”

“எதிரி நம்ம கடைத்தெருவுக்கு வருவானாங்க?”

“வந்தா?”

செயலாளர் குரலைத் தாழ்த்தி, பெரிய மனது பண்ணி விளக்கினார். “உங்க பையன் உசிரோட இருந்திருந்தா, கொஞ்ச வருஷத்துல மீசை வளர்ந்திருக்குமா இல்லையா?”

“வளர்ந்திருக்கலாம்.”

“அதைத்தான் நாங்க வச்சிருக்கோம். செத்துப்போனவருக்கு எதிர்காலத்தையும் சேர்த்துக் குடுக்குது துறை. எந்த நாட்டுல இப்படிச் செய்யுறாங்க, சொல்லுங்க பாப்போம்.”

சலூன்காரர் நகரவில்லை. மனைவியின் வெளுத்த கைகள் கண்ணுக்குள்ளேயே நின்றன. தினமும் கடையைத் திறப்பதற்கு முன்னால் அலுவலக வாசலில் போய் நின்றார். வீரனின் தகப்பன் வாசலில் நிற்பதை நாலு பேர் பார்த்தால் நன்றாக இருக்காது என்று, கடைசியில் துறை இறங்கி வந்தது. இறங்கி வருவதற்கு அதனிடம் ஒரே ஒரு வழிதான் உண்டு. குழு போட்டது.

மீசைக் குழுவுக்குத் தலைவராக ஓய்வுபெற்ற படைத்தளபதி ஒருவரை நியமித்தார்கள். மீசை விஷயத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. கன்னங்கரேல் என்று, நுனி இரண்டும் மேலே பார்த்து நிற்கும் மீசை. அதற்குச் சாயம் பூசிவிடுவது சலூன்காரர்தான். அது எப்போதோ நரைத்துவிட்டது என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த அரசாங்க ரகசியம்.

முதல் அமர்வில் சலூன்காரர் மகனின் புகைப்படத்தை எடுத்து வைத்தார். தலைவர் அதைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் பார்த்தார்.

“இதுல மீசை இல்ல. ஒத்துக்கிறேன். ஆனா நீங்க என்ன தொழில் பண்றீங்க?”

“சலூன் வச்சிருக்கேங்க.”

“அப்ப நீங்களே மழிச்சு விட்டிருக்கலாமே! மீசை இல்லைங்கிறது வேற, எடுக்கப்பட்டிருக்குங்கிறது வேற. ஒரு வீரனோட மீசையை எடுத்தது உண்மைன்னா அதுவே பெரிய குத்தம். ஏதோ பெத்த தகப்பன்கிறதால அதை நாங்க பெருசு பண்ணல.”

“சத்தியமா அவனுக்கு மொளைக்கவே இல்லைங்க.”

“அதை நிரூபிக்கணும். பையனைத் தினம் பாத்தவங்க வந்து சொல்லட்டும்.”

இப்படியாகப் பொது விசாரணை ஏற்பாடாயிற்று. ஊர் மன்றத்தில் நடந்தது. கூட்டம் தாங்கவில்லை. போரைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டால் எட்டிப் பார்க்காதவர்கள்கூட மீசையைப் பற்றி என்றதும் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். மனைவிக்குச் சலவைப் பிரிவில் விடுப்புக் கிடைக்கவில்லை. சாட்சிகள் வாயைத் திறப்பதற்கு முன்பு சலூன்காரர் அதற்காக வருத்தப்பட்டார்.

முதல் சாட்சி சைக்கிள் கடைக்காரர். நண்பர், நல்ல மனிதர், உதவ வேண்டும் என்றே வந்தவர்.

“தினம் பாப்பேங்க. மொழுமொழுன்னு இருப்பான். பேருக்கு ஒரு முடி கெடையாது. அவங்கப்பாவே சொல்லுவாரே, ‘பூனைகூட வச்சிருக்கு, உனக்கு என்னடா கேடு’ன்னு!”

மன்றம் சிரித்தது. தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார். சலூன்காரரும் சிரிக்கப் பார்த்தார். தன் கடையில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்த வாய்தான். இப்போது அது கோணிக்கொண்டு ஒரு பக்கமாக நின்றது.

அடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எதையும் ஆதியிலிருந்து சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

“இவரு கடையில உக்காந்தா பொழுது போறதே தெரியாதுங்க. அவ்வளவு கேலி, அவ்வளவு தமாஷு. அன்னைக்கு விடுமுறை நாள், கடை நெறைய ஆளு. பையன் கீழ விழுந்த முடியைக் கூட்டிக்கிட்டிருந்தான். நான்தான் சும்மா இல்லாம, ‘தம்பிக்கு எப்ப மீசை?’ன்னு கேட்டேன். இவரு உடனே சொன்னாரு பாருங்க: ‘ஊரு மீசையெல்லாம் இங்கதான் விழுது. ஒண்ணைப் பொறுக்கி ஒட்டிக்கோடா. அப்பவாவது ஆம்பளைன்னு நம்புவாங்க.’ நாங்கல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்திருச்சு.”

மன்றத்துக்கும் வந்தது. சிலர் பெஞ்சைத் தட்டினார்கள். சலூன்காரருக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. அன்றைக்குக் கடையில் கேட்டது இதுதான். அன்றைக்கு அது அவருக்குப் பாராட்டாக இருந்தது. மகனை விற்றுச் சிரிப்பு வாங்கியிருக்கிறோம் என்பது இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கும்போதுதான் உறைத்தது.

“பையன் என்ன பண்ணினார்?” என்று கேட்டார் தலைவர்.

“கூட்டிக்கிட்டுத்தான் இருந்தான்.”

“படையில எப்பச் சேர்ந்தார்?”

“மறுநாள் காலையில,” என்றார் வாத்தியார். சொன்ன பிறகு, அவருக்கே இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று தெரிந்த மாதிரி, சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் சலூன்காரர் பக்கம் திரும்பினார். “நீங்க அப்படிச் சொன்னது உண்மையா? அதனாலதான் அவர் படைக்குப் போனாரா? யோசிச்சுச் சொல்லுங்க. சாட்சி பொய்யின்னா மீசை இருக்கும். உண்மைன்னா எடுத்துடலாம்.”

மனைவி இங்கே இல்லை என்று அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே கேவலமாகவும் இருந்தது. வண்டிக்காரர்கள்தான் மயக்கினார்கள் என்று அவள் சொல்லும்போதெல்லாம் ஆட்டிய தலையை இப்போது குனிந்துகொண்டார்.

“உண்மைதாங்க,” என்றார்.

காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தார். துப்பியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். தலைவரோ எழுந்து வந்து அவரை ஆரத் தழுவிக்கொண்டார். மீசைச் சாயத்தின் வாடை சலூன்காரரின் மூக்கில் ஏறியது.

“பெரியோர்களே!” என்று தலைவர் கூட்டத்தைப் பார்த்து முழங்கினார். “நாம வண்டி விட்டோம், மைக் கட்டுனோம், பாட்டுப் போட்டோம். எத்தனை பேர் வந்தாங்க? பிரியாணி போடுறதா புரளி கெளம்பின அன்னைக்குத்தான் கூட்டம் வந்துச்சு. இந்த மனுஷர் ஒத்தை வார்த்தை சொன்னாரு. பையன் மறுநாளே வந்து வரிசையில நின்னான்! வீட்டுக்கு ஒரு தகப்பன் இப்படி இருந்தா நமக்கு எதிரியே கெடையாது. நானும் என் பையன்கிட்ட இப்படிப் பேசத்தான் நெனச்சேன். அவனுக்கு மீசை சீக்கிரமே மொளைச்சிருச்சு. வெளிநாட்டுல படிக்கப் போயிட்டான். அந்தப் பாக்கியம் எனக்குக் கெடைக்கல.”

தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. சிலையின் மீசை நீக்கப்படும். மீசை இல்லாத குறையை ஈடுகட்ட, அந்த வீரனை உருவாக்கிய தந்தையின் சொற்கள் பீடத்தில் பொறிக்கப்படும்.

“ஐயோ, அது வேண்டாங்க,” என்றார் சலூன்காரர்.

“என்ன அடக்கம் பாருங்க! குறிச்சுக்கோங்க,” என்றார் தலைவர் எழுத்தரிடம்.

“அடக்கம் இல்லைங்க. நான் பண்ணுனது பாவங்க.”

எழுத்தர் ஒரு கணம் யோசித்து, ‘பெருந்தன்மை’ என்று எழுதிக்கொண்டார்.

அப்படியானால் மீசையே இருக்கட்டும் என்று சொல்லச் சலூன்காரர் வாயைத் திறந்தார். மனைவி பார்க்க வேண்டிய முகம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார். தன் மானத்தைக் கொடுத்துத்தான் பிள்ளையின் முகத்தை வாங்க வேண்டும் என்றால் அது நியாயமான விலைதான் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த நியாயத்தை அவளிடம் சொல்ல நாக்கு வரவில்லை.

“மீசையை எடுத்துடறாங்களாம்,” என்று மட்டும் சொன்னார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை போன பிறகு அவள் அவர் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். “நீங்க விடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்,” என்றாள். “பீடத்துல ஏதாவது எழுதுவாங்களா?”

“வழக்கமா எழுதுறதுதான்.” விசாரணையில் நடந்ததைப் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய்ச் சொல்ல ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை.

பீடத்தில் பொறிப்பதற்காகத் துறையின் புலவர் ஒருவர் அந்த வாக்கியத்தைச் செந்தமிழில் மாற்றிக் கொண்டுவந்தார். ‘ஊரார் மீசை உதிரும் இவ்விடத்தில் உனக்கென ஒன்றைத் தேடிக்கொள், மகனே!’ தலைவர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இதைப் படித்தால் எவனுக்கும் ரோஷம் வராது, தகப்பன் சொன்னபடியே இருக்கட்டும், ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று உத்தரவிட்டார். புலவருக்குச் சம்பாவனை மட்டும் வழக்கம்போலக் கிடைத்தது.

திறப்பு விழாவன்று பீடத்தைச் சுற்றி மேடை போட்டிருந்தார்கள். சலூன்காரர் உரையாற்ற வேண்டும் என்று அவருடைய சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கைக் குத்தினார்கள். மனைவியின் தோளில் ‘வீரத்தாய்’ என்று அச்சடித்த ரிப்பன். கூட்டம் எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்று குழம்பிவிடக் கூடாதென்று, பச்சைக் கொடியோடு ஒரு கைதட்டல் பொறுப்பாளரும் மேடையோரத்தில் நின்றார். அவர் கொடியைத் தூக்கினால் தட்ட வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும்.

தலைவர் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது.

சிற்பி நல்ல வேலைக்காரர். மீசை போன இடத்தில் வழவழவென்ற அந்த மேலுதடு இருந்தது. ஓரத்தில் சிரிப்பா, கூச்சமா என்று சொல்ல முடியாத ஒரு சின்ன நெளிவு. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு மல்யுத்தக்காரர். மேலே அவர்களுடைய பிள்ளை.

“என் புள்ள,” என்று மனைவி எழுந்தாள். “அப்படியே என் புள்ள.” யாரையும் கேட்காமல் சிலையை நோக்கி நடந்தாள். சலூன்காரர் அவளை முந்திக்கொண்டு ஓடினார். பீடத்தின் முன்னால் போய், கல்வெட்டுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். கூட்டத்துக்கு அது பாசமாகத் தெரிந்தது. ஒரு சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“ஐயா, கொஞ்சம் நகருங்க, எழுத்து மறைக்குது,” என்றார் புகைப்படக்காரர்.

அவர் நகரவில்லை. செயலாளர் வந்து முழங்கையைப் பிடித்து, சிரித்த முகத்தோடு பலமாக இழுத்தார். சலூன்காரர் நகர்ந்தார்.

அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். உதடுகள் ஒவ்வொரு சொல்லாக அசைந்தன. கடைசி வரிக்கு வந்ததும் நின்றன. கீழே ‘வீரத்தந்தையின் அறைகூவல்’ என்று பொறித்திருந்ததை அவள் படித்தாளா என்று தெரியவில்லை.

“இது நீங்க சொன்னதா?”

“ஆமா.”

“கடையில வச்சா? அத்தனை பேர் முன்னாடியுமா?”

“ஆமா.”

“வண்டிக்காரங்கன்னு நான் சொன்னப்பல்லாம் ஆமா ஆமான்னீங்களே.” அவள் குரல் உயரவில்லை. “அவன் என்ன சொன்னான்?”

சலூன்காரர் மகனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவன் முன்னால் பொய் சொல்ல முடியவில்லை.

“ஒண்ணும் சொல்லல. கூட்டி முடிச்சான். எல்லாரும் போன பின்னாடி கண்ணாடி முன்னால நின்னு அழுதான்.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“அதுக்கும் சிரிச்சேன்.”

காலரில் இருந்த மைக் அதைக் கடைத்தெருவின் கடைசி ஒலிபெருக்கி வரைக்கும் கொண்டுபோயிற்று. இது நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கைதட்டல் பொறுப்பாளர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டே தலையை ஆட்டினார். பச்சைக் கொடி மேலே போயிற்று.

அப்படியொரு கைதட்டலை அந்த ஊர் கேட்டதில்லை. எழுந்து நின்று தட்டினார்கள். அது ஓயும் வரைக்கும் அவள் கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தோளிலிருந்த ரிப்பனைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கித் தனியாக நடந்து போனாள். அவர் கூப்பிடவில்லை. கூப்பிட அவருக்கு என்ன முகம் இருக்கிறது?

செயலாளர் அவர் காதருகே குனிந்தார்.

“பிரமாதம்யா! பீடத்துக்குப் பின்பக்கம் எடமிருக்கு. இதையும் வெட்டிடலாம்.”